முப்பத்தேழு பேரும் நலம்

1920-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெத்தேல் கிராசிங் என்னும் எங்கள் ஊரை எரிப்பதற்கு யாரும் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. நூறு வருஷத்துக்குப் பிறகு அதையே தொலைக்காட்சித் தொடராக எடுப்பதற்கு நாற்பத்தொரு அனுமதிகள் தேவைப்பட்டன. நாகரிகம் வளர்ந்துதான் இருக்கிறது என்று எங்கள் ஜனங்கள் திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்த நாற்பத்தொன்றிலும் கையெழுத்துப் போடுகிற பெரும் பொறுப்பு எங்கள் எல்வுட் டார்ப்லிக்கு வந்து சேர்ந்தது. எல்வுட்டுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஹாஸ்கின் மாவட்டக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். ஊர் எரிந்த கதையை நானூறு பக்கத்துக்குப் புத்தகமாக எழுதியவரும் அவர்தான். அதை முழுசாகப் படித்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருத்தர் அச்சுப்பிழை பார்த்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கலிபோர்னியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாங்கள் இத்தொடரின் 'வரலாற்று உண்மை மற்றும் வலி மேலாண்மை ஆலோசக'ராக நியமிக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. கூடவே, படப்பிடிப்பில் உட்கார, முதுகுப்பக்கம் பெயர் அச்சடித்த துணி நாற்காலியும் உண்டு. எல்வுட் அதில் உட்கார்ந்ததைவிட அதைப் போட்டோ எடுத்துக்கொண்ட நேரம்தான் அதிகம். புதிதாக ஒரு மஃப்ளரும் வாங்கினார். அர்கன்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவர் வியர்த்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அவரிடம் எங்கள் சர்ச் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

அன்றைக்குச் செத்தவர்கள் முப்பத்தேழு பேர். பருத்தியை எடை போடும்போது தராசை நாங்களும் பார்ப்போம் என்று வெள்ளைக்கார முதலாளிகளிடம் சொன்னதுதான் அவர்கள் செய்த குற்றம். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு மவுண்ட் நீபோ பாப்டிஸ்ட் சர்ச்சில் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். பெயர் கேட்டதும் அந்தக் குடும்பத்தில் ஒருத்தர் எழுந்து நின்று, "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். எல்வுட் எழுந்து நிற்பது ஐசம் டார்ப்லி என்ற பெயருக்கு. ஐசம் அவருடைய தாத்தாவின் அண்ணன். முடிவெட்டுகிறவர். சாகும்போது வயது இருபத்தாறு.

"தம்பி, வேற எதை வேணா எப்படி வேணா எடுத்துக்கட்டும்," என்றார் சிஸ்டர் வெர்டெல் ஓகில்ஸ்பி. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சர்ச் வாசலில் நின்று, யார் எந்த பெஞ்சில் உட்காருவது என்று முப்பது வருஷமாகத் தீர்மானிப்பவர் அவர். "கடைசியில முப்பத்தேழு பேரும் வரணும். முழுப் பேரா. உரக்க. உலகத்துக்கே கேக்குற மாதிரி. செய்வியா?"

"அதை நான் பாத்துக்கறேன் சிஸ்டர்," என்று எல்வுட் சபை முன்னால் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். மஃப்ளரின் மேல்தான் கை பட்டது. இருந்தாலும் சொன்னது மனசாரத்தான்.

தொடரை எடுக்க வந்த அம்மாள் பெயர் மெரடித் ஸ்லோன். ரொம்ப நல்லவர். கறுப்பு ஜனங்கள் பட்ட கஷ்டத்தைக் கேட்டால் உடனே அழுதுவிடுவார். கேட்காவிட்டாலும் அழுவார். அதற்கென்றே ஒரு கைக்குட்டை வைத்திருந்தார்.

"எல்வுட், நாங்க இங்க பேச வரல. கேக்க வந்திருக்கோம்," என்று ஆரம்பித்து அவர் நாற்பது நிமிஷம் பேசினார். பேசி முடித்துவிட்டு, தடியான ஒரு புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அட்டையில் 'கண்ணியமான வன்முறை: கையேடு' என்று போட்டிருந்தது.

"ஒரு பாகத்துக்குப் பதினோரு அலகு வலிதான் அனுமதி," என்றார் மெரடித். "கன்னத்துல ஒரு அறை, ஒரு அலகு. சவுக்கடி மூணு. வீடு எரிஞ்சா நாலு. உள்ள ஆள் இருந்தா ஆறு. தாயோட அலறல் ரெண்டு, வயலின் சேத்தா மூணு."

"அன்னிக்கு எங்க ஊர்ல யாரும் அளந்து பாத்து அடிக்கலைங்களே," என்றார் எல்வுட்.

"ஆகா! இதைத்தான் நாங்க கேக்கணும்னு வந்தோம்," என்று மெரடித் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எழுதிக்கொண்டார். அலகு பதினொன்றாகவே இருந்தது.

முதல் வாரம் எல்வுட் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். இரண்டாம் வாரம் பென்சிலை எடுத்தார். மூன்றாம் வாரம் அந்தக் கையேட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "சர்ச்சை ஆள் இல்லாம எரிச்சா ரெண்டு அலகு மிச்சமாகும் மெரடித். அந்த மிச்சத்துல அடுத்த பாகத்துல ரெண்டு அறை சேத்துக்கலாம்" என்று ஒருநாள் அவரே யோசனை சொன்னார். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். அவர் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி வந்தார்.

அடி விழும்போதெல்லாம் கேமரா வேறு பக்கம் திரும்ப வேண்டும் என்பது கையேட்டின் ஐந்தாம் விதி. ஆகவே தடி ஓங்கியதும் கேமரா ஜன்னல் திரைச்சீலையைப் பார்க்கும். துப்பாக்கி வெடித்ததும் கூடையிலிருந்து ஒரு பீச் பழம் உருண்டு போகும். எங்கள் ஊர்க் கலவரத்தில் அதிகமாகப் பாதிக்கப்பட்டது பழ வியாபாரம்தான் என்று வெளியூர்க்காரர் யாராவது நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பொத்தான் விஷயத்தில் மட்டும் யாரும் விரல் நீட்ட முடியாது. 1920-ல் எங்கள் ஊர் ஆண்கள் சட்டையில் எத்தனை பொத்தான், அது எலும்பா சிப்பியா, இதற்காக எல்வுட் பதினெட்டு நாள் போராடி ஜெயித்தார். திரையில் இன்றைக்கும் பார்க்கலாம். பொத்தான்கள் அத்தனையும் சத்தியம்.

எங்கள் ஜனங்கள் பாதிப் பேர் கூட்டத்தில் நிற்பவர்களாக நடிக்கப் போனோம். சிஸ்டர் வெர்டெல் மூன்று தடவை செத்தார். "அழகா சாகுறீங்க, ஆனா இன்னும் கொஞ்சம் நம்பிக்கையோட சாகணும்" என்று சொல்லி நாலாவது தடவையும் சாகச் சொன்னார்கள். அதற்காக அவர் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்ததை அவருடைய தங்கையே எங்களிடம் சொன்னார். ஓடிப்போகிற காட்சியில் யார் முன்வரிசையில் ஓடுவது என்று சர்ச் மூப்பர்களான இரண்டு டீக்கன்களுக்குள் வந்த சண்டை இன்னும் தீரவில்லை.

பாதித் தொடரை முடித்து, எங்கோ ஒரு நகரத்தில் இருபது வெள்ளைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் தங்களுக்கு வருத்தமாக இருந்ததாகப் புகார் எழுதிக்கொடுத்தார்கள். தங்களைப் போல ஒருத்தர்கூடக் கதையில் இல்லையே என்றும் குறைப்பட்டிருந்தார்கள்.

"அவங்களைப் போல முன்னூறு பேர் இருக்காங்களே," என்றார் எல்வுட். "கையில தீப்பந்தத்தோட."

"அவங்களைப் போல நல்லவங்க யாரும் இல்லைன்னு சொல்றாங்க," என்றார் மெரடித்.

இப்படித்தான் கிளாரா பிறந்தாள். வெள்ளைக்கார ஷெரிப்பின் மனைவி. பியானோ வாசிப்பாள். தன் வீட்டு நிலவறையில் ஒரு கறுப்புக் குழந்தையை ஒளித்துவைத்துக் காப்பாற்றுவாள்.

"மெரடித், இப்படி ஒரு அம்மா அந்த ஊர்ல இருந்ததே இல்ல. நான் இருவது வருஷம் தேடியிருக்கேன்."

"இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமா இல்லையா?"

"இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான்," என்று சொல்லி அனுமதிப் படிவத்தை நீட்டினார் மெரடித். "கடைசியில பேரெல்லாம் வருதில்ல?" என்று கேட்டார் எல்வுட். "வராம?" என்றார் மெரடித். எல்வுட் கையெழுத்துப் போட்டார்.

கிளாரா வந்த பிறகு ஷெரிப்பை மட்டும் கெட்டவனாக விட்டால் அவள் எப்படி அவனோடு குடித்தனம் நடத்தினாள் என்று கேள்வி வந்தது. ஆகவே ஷெரிப்புக்கு மனப்போராட்டம் கொடுத்தார்கள். ஷெரிப்பின் ஆட்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார்கள். மனப்போராட்டம் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தீப்பந்தத்தைக் கீழே போட்டார்கள். முன்னூறு பேர் எண்பதானார்கள், எண்பது பேர் பன்னிரண்டானார்கள், கடைசியில் முகம் தெரியாத வெளியூர்க்காரர்கள் நாலு பேர் மட்டும் மிஞ்சினார்கள். நாலு பேரால் ஒரு ஊரை எரிக்க முடியுமா என்ற நியாயமான சந்தேகம் எழுந்தபோது, அன்றைக்குப் பலமாகக் காற்று அடித்ததாக எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எல்வுட் அதே கேள்வியைக் கேட்டார், அதே பதிலை வாங்கினார், கையெழுத்துப் போட்டார். பெயர்கள் வந்தால் போதும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். நாற்காலியும் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

நாற்பதாவது அனுமதிதான் பெயர்களுக்கானது. கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து ஓலை வந்தது. நிஜ மனிதர்களின் பெயரைச் சொல்வதானால், செத்தவர்களுக்கு மாவட்ட இறப்புச் சான்றிதழ் வேண்டும், உயிரோடு இருப்பவர்களுக்கு மாவட்டப் பதிவாளரின் சீலோடு அவரவர் கையெழுத்து வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

எல்வுட் ஹாஸ்கின் மாவட்டப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கே பதிவாளர் லோரீன் டட்லி என்ற வெள்ளைக்கார அம்மாள். நேர்மைக்குப் பெயர்போனவர். அவர் தலைக்கு மேலே சுவரில் பழைய பதிவாளர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாப் படத்திலும் ஒரே மூக்கு.

லோரீன் 1920-ஆம் வருஷப் பதிவேட்டைத் தூசி தட்டிப் புரட்டினார். "ஆகஸ்ட் கலவரம்... மொத்தம் ரெண்டு சாவு சார். ஒரு துணை ஷெரிப், கூட்டாளி குறி தவறிச் சுட்டதுல போயிட்டார். அப்புறம் ஒரு கோவேறு கழுதை."

"கழுதைக்குப் பதிவு இருக்கா?"

"பேரோட இருக்கு. பெஸ்ஸி."

"எங்க ஆளுங்க முப்பத்தேழு பேர் செத்தாங்களே மேடம்?"

லோரீன் மறுபடியும் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தார். "அப்படி யாரும் சாகல சார்."

"அப்ப உயிரோட இருக்காங்களா?"

"இந்த ஆபீஸைப் பொறுத்தவரைக்கும் இருக்காங்க. செத்தா தெரியப்படுத்தணும். யாரும் தெரியப்படுத்தல."

"நூத்தி முப்பது வயசுல?"

"நல்ல ஆரோக்கியம்," என்றார் லோரீன், மனப்பூர்வமாக.

"அப்ப இத்தனை வருஷமும் வாக்காளர் பட்டியல்ல இருந்திருக்கணுமே?"

லோரீன் இன்னொரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "இல்ல சார். அதுல மட்டும் இல்ல. அதுல ஆரம்பத்துலேர்ந்தே இல்ல."

இப்போது சாவைப் பதிவு செய்ய முடியுமா என்று எல்வுட் கேட்டார். தாராளமாக, சாகும்போது பக்கத்தில் இருந்த இரண்டு சாட்சிகள் நேரில் வந்தால் போதும் என்றார் லோரீன். பக்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் செத்தவர்கள், மீதிப் பேர் கொன்றவர்கள் என்று எல்வுட் விளக்கினார். கொன்றவர்கள் வந்தாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று லோரீன் பெருந்தன்மையாகச் சொன்னார்.

மெரடித்திடம் இதைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டு, ஒரு வழியையும் சொன்னார். "முப்பத்தேழு பேரையும் சேத்து ஒரே ஆளாக்கிடலாம் எல்வுட். காப்ரியேல்னு பேரு வெக்கலாம். அவன் ஒரு தடவை சாவான். முப்பத்தேழு சாவுன்னா இருநூத்தி இருவத்திரண்டு அலகு. ஒரு சாவு ஆறுதான்."

எல்வுட் எழுந்தார். அதுவரைக்கும் நாற்பது நாள் அடக்கிவைத்தது அத்தனையும் அன்றைக்கு வெளியே வந்தது.

"ஐசம் முடி வெட்டுறவன். கேலி ஓகில்ஸ்பி துணி துவைக்கிறவ, அவ துவைச்ச துணியைப் போட்டுக்கிட்டு வந்துதான் அவளைக் கொன்னாங்க. ரூபஸ் பிட்மன் மறுநாள் கல்யாணம் வெச்சிருந்தான். ஒவ்வொருத்தரும் தனித்தனியா வாழ்ந்தாங்க, தனித்தனியா பயந்தாங்க. கூட்டமா கொன்னவங்க இருக்கலாம். யாரும் கூட்டமா சாகல! இவங்களை ஒரு மூட்டையா கட்டாதீங்க!"

மெரடித்தின் கண்ணிலிருந்து கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. "எல்வுட், இதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க, மெதுவா," என்று பேனாவைத் திறந்தார். மறுநாள் வந்த திரைக்கதையில் அந்த வசனம் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருந்தது. பேசுவது கிளாரா.

அந்த ஞாயிறு எல்வுட் மஃப்ளர் இல்லாமல் சர்ச்சுக்கு வந்து, நடந்ததையெல்லாம் சொல்லி, என்னால் முடியவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டார். சிஸ்டர் வெர்டெலுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"உயிரோட இருக்காங்கன்னா சொல்லுது அந்தப் புத்தகம்? அப்ப பேரை வாசிக்கச் சொல்லு. நாம போய் நிப்போம். முப்பத்தேழு பேரும் இருக்காங்களா இல்லையான்னு அந்த அம்மா கண்ணால பாக்கட்டும்!"

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் எல்வுட் மெல்லத் தலையை நிமிர்த்தினார். சரித்திரம் படித்தவர் என்றாலும், நாற்பது அனுமதிகளைப் பார்த்த பிறகு அவருக்குச் சட்ட மூளை முளைத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சர்ச் பஸ் இரண்டு நடை அடித்தது. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, இஸ்திரி போட்ட சூட்டு, பளபளக்கும் ஷூவோடு முப்பத்தேழு பேர் பதிவு அலுவலகத்தில் வரிசையாக நின்றோம்.

"நீங்க தேடினவங்க எல்லாம் வந்திருக்காங்க மேடம். கையெழுத்துப் போட," என்றார் எல்வுட்.

லோரீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்வுட் நீட்டிய பட்டியலிலிருந்து பெயர் வாசித்தார். "கேலி ஓகில்ஸ்பி?"

"இருக்கேன்!" என்றார் சிஸ்டர் வெர்டெல். கூரையில் இருந்த மின்விசிறியே ஒரு கணம் நின்றுபோனது போல இருந்தது.

"அம்மா, உங்களைப் பாத்தா நூத்தி நாப்பது வயசு மாதிரி தெரியலையே."

"எங்க தோலு அப்படி. லேசுல சுருக்கம் விழாது."

"அடையாள அட்டை?"

"உங்க புத்தகத்துல என் போட்டோ இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதோட ஒத்துப் பாப்பீங்க?"

லோரீன் பதிவேட்டை மறுபடியும் புரட்டினார். இவர்கள் அவர்கள் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அவர்கள் செத்துவிட்டார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். அதை அந்த அலுவலகம் நூறு வருஷமாகச் சொன்னதில்லை. "செத்ததுக்கு ஆதாரம் இல்ல. ஆள் நேர்ல வந்தாச்சு. விதி பூர்த்தி," என்று சீலை எடுத்தார்.

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் முப்பத்தேழு தடவை "இருக்கேன்" என்ற சத்தம் எழுந்தது. ஐசம் டார்ப்லி என்ற பெயருக்கு எல்வுட் முன்னால் போனார். அந்தப் பெயரை அவர் எழுதினபோது, ஐசம் எங்கேயோ பக்கத்தில் நின்று, முடிவெட்டுகிற கையைத் துடைத்துக்கொண்டு, தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவருக்குத் தோன்றியது. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. பஸ்ஸில் வரும்போது நாங்கள் பாடிக்கொண்டே வந்தோம். மாவட்டத்தையே மடக்கிவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

படிவத்தின் மேல்பக்கத்தில் பொடி எழுத்தில் 'நான் உயிருடனும் சுயநினைவுடனும் நலமாக இருந்து கையொப்பமிடுகிறேன்' என்று இருந்தது. எல்லாப் படிவத்திலும் இப்படி ஏதாவது இருக்கும். யார் படிக்கிறார்கள்?

நாற்பத்தொன்றாவது அனுமதி, முழுத் தொடருக்குமானது, அறுபத்துநாலு பக்கம். "பேரெல்லாம் வருதில்ல?" என்றார் எல்வுட். "முப்பத்தேழும். முழுப் பேரா. உரக்க," என்றார் மெரடித். எல்வுட் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நானூறு பக்கம் எழுதியவருக்கு அறுபத்துநாலு பக்கம் படிக்கப் பொறுமை இல்லை.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், சர்ச் கூடத்தில் திரை கட்டிக் கடைசிப் பாகத்தைப் போட்டார்கள். கெளுத்தி மீன் வறுவலும் பீச் பழப் பலகாரமும் தடபுடலாக இருந்தன. மெரடித் வந்திருந்தார். லோரீனும் வந்திருந்தார், தொப்பி வைத்துக்கொண்டு, மடியில் ஒரு கண்ணாடிச் சட்டத்தோடு. தொடர் வருகிறது என்று பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்த பிறகு மாவட்டத்துக்கு வெட்கம் வந்திருந்தது. ஊர் எரிந்ததற்கும் முப்பத்தேழு பேர் செத்ததற்கும் மாவட்டம் முதல்முதலாக மன்னிப்புக் கேட்பதாகத் தீர்மானம் போட்டிருந்தார்கள். படம் முடிந்ததும் அதை வாசித்துக் கொடுக்க லோரீனை அனுப்பியிருந்தார்கள். நூறு வருஷமாக எங்கள் ஜனங்கள் காத்திருந்த காகிதம் அது. எல்வுட்டின் கண் படத்தில் பாதியும் அந்தச் சட்டத்தில் பாதியுமாக இருந்தது.

திரையில் காற்று அடித்தது. ஊர் எரிந்தது. கேமரா திரைச்சீலையைப் பார்த்தது. கிளாரா வாசலில் வந்து நின்று, "யாரும் கூட்டமா சாகல!" என்று கத்தினாள். கூடமே விம்மியது. எல்வுட்டும் அழுதார். தன் வசனம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. பிறகு கிளாரா விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக் கதவைத் திறந்தாள். நாங்கள் படப்பிடிப்பில் பார்த்தபோது ஒரு குழந்தை மட்டும் குந்துகிற அளவுக்கு இருந்த நிலவறை, இப்போது கல்யாண மண்டபம் போல இருந்தது. உள்ளே முப்பத்தேழு பேர்.

கிளாரா ஒவ்வொரு பெயராக அழைத்தாள். முழுப் பெயராக, உரக்க. ஒவ்வொருவராகப் படியேறி வெளிச்சத்துக்கு வந்தார்கள். எங்கள் கூடத்தில், பழக்கதோஷம், பெயர் கேட்கக் கேட்க ஒவ்வொரு குடும்பமாக எழுந்து "இருக்கேன்" என்றோம். கடைசிப் பெயருக்குக் கூடம் முழுக்க நின்றுகொண்டிருந்தது. அப்போது திரையில் எழுத்து வந்தது.

'மாவட்டப் பதிவேடுகளின்படி இவர்கள் அனைவரும் உயிர் பிழைத்தனர். நேரில் வந்து இதை உறுதிசெய்த முப்பத்தேழு பேருக்கும் எங்கள் நன்றி.'

எல்வுட் மெரடித்தின் பக்கம் திரும்பினார். "அவங்க செத்தாங்க மெரடித்," என்றார்.

"எனக்குத் தெரியும் எல்வுட்," என்று மெரடித் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனா உயிரோட இருக்கோம்னு கையெழுத்துப் போட்டவங்களைச் செத்ததாக் காட்டினா கேஸ் ஆகிடும்னு சட்டப் பிரிவுல சொல்லிட்டாங்க. அறுபத்தோராம் பக்கத்துல எல்லாம் இருக்கே. நீங்க பாத்திருப்பீங்களே."

விளக்குப் போட்டார்கள். லோரீன் சட்டத்தை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். 'மரணமடைந்த முப்பத்தேழு பேருக்கு' என்ற முதல் வரி எங்களுக்கும் தெரிந்தது. அவர் அதை வாசிக்காமல் கீழே இறக்கினார்.

"என்னை மன்னிக்கணும்," என்றார். "அதாவது, நான் சொந்தமா கேக்கறேன். மாவட்டத்தோட மன்னிப்பை என்னால வாசிக்க முடியல. இதுல செத்தவங்களுக்குன்னு போட்டிருக்கு. யாரும் சாகலைன்னு முப்பத்தேழு படிவத்துல நானே சீல் வெச்சிருக்கேன். அவங்களே எழுதிக் கொடுத்தது. இதைவிட நல்ல சாட்சி எந்த ஆபீசுக்கும் கிடைக்காது. பொய்யான ஒரு காகிதத்தை நான் எப்படி சர்ச்சுக்குள்ள நின்னு வாசிப்பேன்?"

சிஸ்டர் வெர்டெல் எல்வுட்டைப் பார்த்தார். நாங்கள் சிஸ்டர் வெர்டெலைப் பார்த்தோம்.

"பாதிக்கப்பட்டவங்க யாராவது புகார் கொடுத்தா மறுபடியும் எடுத்துக்கலாம்," என்று லோரீன் கெஞ்சுகிற குரலில் சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "யாராவது இருக்கீங்களா?"

"நான் கொடுக்கறேன்!" என்றார் எல்வுட்.

"சந்தோஷம் சார். எந்தப் பேர்ல?"

எல்வுட் டார்ப்லி என்று சொன்னால், அவரை யாரும் எதுவும் செய்யவில்லை. ஐசம் டார்ப்லி என்று சொன்னால், ஐசம் நலமாக இருப்பதாக ஐசமே எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பெயருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பெயரைத் தேடிக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார். ஐசமின் முகம்கூட அவருக்குத் தெரியாது. அவன் செத்தான் என்பது ஒன்றுதான் அவனைப் பற்றி அந்தக் குடும்பம் பத்திரமாக வைத்திருந்த விஷயம். அதையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எல்வுட் மெதுவாக உட்கார்ந்தார்.

லோரீன் சட்டத்தை மறுபடியும் துணியில் சுற்றிக்கொண்டார். ஆனாலும் மரியாதை தெரிந்தவர், சும்மா இறங்கிப் போக அவருக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷமும் உயிரோடிருந்து மாவட்ட நிர்வாகத்துக்கு ஒத்துழைத்த பெத்தேல் கிராசிங் மக்கள் அனைவருக்கும் நன்றி என்று சொன்னார். மேடையிலிருந்து நன்றி சொன்னால் கைதட்ட வேண்டும் என்று எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள். தட்டினோம்.